நடைபாதையில் பிறந்த கோஷ்டி

ஆண்டுதோறும் ஜூன் 21 ஆம் தேதி பிரான்சு தேசத்தின் ஊர்தோறும் நடைபெறும் 'ஃபெத் து லா மியூசிக்' என்னும் சங்கீதத் திருநாள், அத்தேசத்தோடு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் உறவு பூண்டிருந்த நம் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸின் முயற்சியால் கொண்டாடப்பட்டு வருவதை இவ்வூரார் அறிவர். 1982 இல் ஜாக் லாங் என்பவர் அங்கே கலாசார மந்திரியாக இருந்தபோது, ஐம்பது லட்சம் பிரெஞ்சுக்காரர் ஏதேனும் ஒரு வாத்தியம் வாசிக்கப் பழகியவர்கள் என்று ஒரு கணக்கெடுப்பினால் தெரியவர, அவர்களையெல்லாம் வீட்டை விட்டுத் தெருவுக்கு அழைத்தால் என்ன என்று அவர் இலாகாவில் சங்கீதப் பொறுப்பு வகித்த மொரீஸ் ஃப்ளூரே யோசித்ததன் பலனே இத்திருநாள்.

தெருவில் வாசிப்பது மேடையில் வாசிப்பதைக் காட்டிலும் கடினமான காரியம். சபாவுக்கு வருகிறவர் கேட்பதற்கென்றே வருகிறார். தெருவில் போகிறவருக்கோ போகவேண்டிய இடம் வேறு இருக்கிறது. அவரை முதல் அரை நிமிஷத்தில் நிறுத்த முடியாதவன் பாடியும் பயனில்லை. ஊர்ப்புறத்துத் தெருக்கூத்தாடிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்துவைத்திருக்கும் இந்த உண்மையை, மாலையில் வாகனங்கள் விலக்கப்பட்ட நம் கடற்கரைச் சாலையில் கிதாரோடு உட்காரும் இளைஞர்களும், அலையோசை தங்கள் பாட்டை விழுங்கும்போது உணராமல் இருக்க மாட்டார்கள். அவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. பிரான்சில் அத்திருநாள் பிறப்பதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தைச் சேர்ந்த மில்வாக்கி நகரில், எவரும் அழையாமலே தெருவுக்கு வந்து நின்ற 'வயலன்ட் ஃபெம்ஸ்' என்னும் மூவர் கோஷ்டியின் சரித்திரம் அது.

1970களின் நடுவில், நீண்ட கிதார் ஆலாபனைகளும் ஆடம்பர மேடைகளும் நிறைந்த ராக் சங்கீதத்தில் சலிப்புற்ற நியூயார்க், லண்டன் இளைஞர்கள், மூன்று நான்கு 'கார்டு'களே தெரிந்தாலும் போதும் என்று துணிந்து, இரண்டு மூன்று நிமிஷத்தில் ஓடி முடியும் வேகப் பாட்டுகளைப் பாடத் தொடங்கினர். பங்க் என்று பெயர் பெற்ற அந்த வகையில், ஒருமுறை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டும் சேர்ந்தால் அது பாப்-பங்க். இவ்விரண்டுக்கும் மின்சாரக் கிதாரின் பேரிரைச்சலே உயிர் என்பது பொதுவான அபிப்பிராயம். அந்த உயிரையே எடுத்துவிட்டுப் பாடினார்கள் மில்வாக்கி மூவர்.

பாடகரான கார்டன் கானோ அப்போது பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காத வயதினர். பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் புதல்வர். பிரையன் ரிச்சி வாசித்தது மின்சாரம் வேண்டாத, பெருவயிறு கொண்ட அக்கூஸ்டிக் பேஸ் கிதார். விக்டர் டெலொரென்சோ நின்றபடியே ஒரு ஸ்னேர் டிரம்மைப் பிரஷ்களால் தட்டுவார். அதற்குத் துணையாக, வேறொரு டிரம்மின்மேல் தகரக் கூடை ஒன்றைக் கவிழ்த்து 'டிரான்ஸஃபோன்' என்று ஒரு நாமகரணமும் செய்து வைத்திருந்தார். மண்குடத்தைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய நாட்டார்க்கு இதில் விநோதம் ஏதும் தோன்றாது. எல்லாமே கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடியவை; எந்த மூலையிலும் நின்று தொடங்கலாம்.

1981 ஆகஸ்டு 23 ஆம் தேதி, 'பிரிட்டெண்டர்ஸ்' என்னும் பிரசித்தி பெற்ற கோஷ்டி ஓரியண்டல் தியேட்டரில் கச்சேரி செய்ய வந்திருந்தது. வாசல் நடைபாதையில் இம்மூவரும் பாடிக்கொண்டிருக்கக் கண்ட அக்கோஷ்டியின் கிதார் வித்வான் ஜேம்ஸ் ஹனிமன்-ஸ்காட் நின்று கேட்டார். அன்றிரவே அவர்கள் உள்ளே மேடையேறிச் சில பாட்டுகள் பாடும்படி, தலைமைப் பாடகி கிரிஸ்ஸி ஹைண்ட் அழைத்தார். பரிசில் பெற்று வரும் பாணன், வழியில் எதிர்ப்பட்ட வறிய பாணனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்லும் ஆற்றுப்படை நூல்களைப் படித்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. அவ்வழி காட்டிய ஹனிமன்-ஸ்காட், மறு ஆண்டு ஜூன் மாதத்தில் தம் இருபத்தைந்தாம் வயதில் காலமானார். அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்க அவர் இருக்கவில்லை.

டெலொரென்சோவின் தகப்பனார் கடனாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரைக் கொண்டு 1982 கோடையில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அந்த ஆல்பம், ஸ்லாஷ் என்னும் நிறுவனத்தின் மூலம் 1983 இல் வெளியாயிற்று. விற்பனைப் பட்டியல்களில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு மாணவனிடமிருந்து மற்றொருவனிடம் கேசட்டாகக் கைமாறி, ஆண்டுக்காண்டு விற்று, 1991 இல் பத்து லட்சம் என்னும் இலக்கைத் தாண்டிப் பிளாட்டினம் விருது பெற்ற பின்னரே, பில்போர்டு பத்திரிகையின் முதல் இருநூறு ஆல்பங்களின் பட்டியலில் முதன்முறையாக அது தலைகாட்டியது. காதலி கிட்டாத கோபமும், உடலின் தவிப்பும், தன்னையே பரிகசித்துக்கொள்ளும் ஹாஸ்யமுமாகக் கானோ பள்ளி நாட்களிலேயே எழுதிய பாட்டுகள் அவை. பதினெட்டு வயதினர் ஆண்டுதோறும் புதிதாக வந்துகொண்டே இருப்பதால், அப்பாட்டுகளுக்கு ரசிகர் பஞ்சம் நேரவில்லை.

பிற்காலத்து ஆல்பங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1984 இல் வெளிவந்த இரண்டாவது ஆல்பத்தில் கிறிஸ்தவ பக்திப் பாடல்கள் இடம்பெற்றது கண்டு ரசிகர் திகைத்தனர். எனக்கு அந்தத் துணிவு பிடிக்கும். 1986 இல் 'டாக்கிங் ஹெட்ஸ்' கோஷ்டியைச் சேர்ந்த ஜெரி ஹாரிசன் மேற்பார்வையில் தயாரான மூன்றாவதில் மெருகு ஏறியது, தெருப்புழுதி போயிற்று.

2007 இல் ஒரு வியவகாரம் எழுந்தது. முதல் ஆல்பத்தின் முதற்பாட்டு, வெண்டிஸ் என்னும் உணவகத் தொடரின் விளம்பரத்திற்குக் கொடுக்கப்பட்டது. பாட்டை எழுதியவர் என்ற முறையில் அதற்கு அனுமதி அளிக்கும் அதிகாரம் கானோவிடம் இருந்தது. மூவர் சேர்ந்து உருவாக்கியதை ஒருவர் விற்கலாமா என்று ரிச்சி நீதிமன்றம் ஏறினார். சட்டம் எழுதியவனை மட்டும் அறியும். அந்தப் பாட்டை அதன் பேஸ் கிதாரின்றி நினைத்துப் பார்க்கவும் என்னால் இயலாது. 2009 இல் கோஷ்டி கலைந்தது. வழக்குத் தீர்ந்தபின் 2013 இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் மீண்டும் கூடியது.

ரிச்சி இதற்கிடையே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் குடியேறி, ஷாகுஹாச்சி என்னும் ஜப்பானிய மூங்கிற்குழலில் தேர்ச்சி பெற்று, ஹோபார்ட் நகரில் ஒரு கலைவிழாவின் பொறுப்பையும் ஏற்றார். டெலொரென்சோ விலகிவிட்டார். 2016 இலும் 2019 இலும் புதிய ஆல்பங்கள் வெளிவந்தன. இப்போது தாளம் வாசிக்கும் ஜான் ஸ்பாரோ, பழைய கூடையின் ஸ்தானத்தில், இறைச்சி வாட்டும் கரியடுப்பு ஒன்றை மேடையில் நிறுத்திப் பிரஷ்களால் அடிக்கிறார். நாதத்தில் அது கூடைக்கு எவ்விதத்திலும் குறைந்ததில்லை என்பதே என் அபிப்பிராயம்.