மூக்கைப் பார்க்கும் கண்

"மாறுகண் ராசியாச்சே, அதை எதுக்கு மாத்தணும்?" மட்டாஞ்சேரி பாலஸ் ரோட்டுக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிவிட்டது. கேட்பவர்கள் பெரும்பாலும் பாட்டிமார். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தாரும் அவர்களில் உண்டு.

பிறந்த முதல் 3 மாதங்களில் கண் அவ்வப்போது ஒதுங்குவது இயல்புதான். 4 மாதம் தாண்டியும் உள்ளே திரும்பியிருந்தால் காத்திருக்கக் கூடாது.

சில குழந்தைகளுக்குக் கண் கோணியே இருக்காது. மூக்குத்தண்டு சப்பையாக இருக்கும். உள்மூலைத் தோல்மடிப்பு வெண்விழியை மறைக்கும். பார்ப்பவருக்கு மாறுகண் போலத் தோன்றும். 7 மாதப் பேரனோடு வந்த ஒரு பாட்டியிடம், "புள்ளைய மடியில நேரா வச்சுக்குங்க பாட்டி" என்று சொல்லி டார்ச் அடித்தேன். ஒளிப்புள்ளி இரண்டு கண்மணிகளிலும் நட்டநடுவே விழுந்தது. கண் உள்ளே திரும்பியிருந்தால் அந்தக் கண்ணில் மட்டும் புள்ளி காதுப் பக்கமாக விலகும். 1 மில்லிமீட்டர் விலகினால் சுமார் 7 டிகிரி கோணல். "நேராத்தான் இருக்கு. மூக்கு எழும்பினா இந்தத் தோற்றமும் போயிடும்" என்றேன். ஆனாலும் கண் டாக்டரிடம் அனுப்பினேன். சின்னக் கோணல் டார்ச்சுக்குத் தப்பிவிடும்.

நிஜமான மாறுகண்ணில் கெடுவது அழகு மட்டுமில்லை. இரண்டு கண்ணும் இரண்டு காட்சி அனுப்பினால் குழப்பம் என்று மூளை ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை வளராது. அதனால்தான் நல்ல கண்ணை மூடி, ஒதுக்கப்பட்ட அந்தச் சோம்பல் கண்ணுக்கு வேலை கொடுக்கிறார்கள். பிறந்து 6 மாதத்துக்குள் வரும் பெரிய கோணலுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். 2 வயதுக்குள் செய்துவிடுவது நல்லது. மாறுகண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டத்தில் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கே வந்து குழந்தைகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள்.

2, 3 வயதில் திரும்பும் கண்ணுக்குப் பல சமயம் கண்ணாடியே போதும். தூரப்பார்வைக் குறை உள்ள பிள்ளை தெளிவாகப் பார்க்கச் சிரமப்படும்போது கண்கள் உள்ளே இழுபடுகின்றன. பிளஸ் பவர் அந்தச் சிரமத்தைக் குறைக்கும். "இத்தனூண்டு புள்ளைக்குக் கண்ணாடியா?" என்று வீட்டில் சண்டை வரும், பெண் குழந்தை என்றால் சண்டை இன்னும் பெரிது. போட்டால் நேராகும் கண், கழற்றினால் மறுபடி திரும்பும். "கண்ணாடிதான் கெடுத்துடுச்சு" என்று கடைக்கே வருவார்கள். குறை உள்ளேயே இருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கும்போது மட்டும்தான் கண்ணுக்கு ஓய்வு என்று விளக்கி, தூங்கும் நேரம் தவிரக் கழற்றாதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன்.