பாக் நீரிணையை நீந்திக் கடப்பவர்கள்

இலங்கையின் தலைமன்னாருக்கும் நம் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள பாக் நீரிணை நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். திருச்சிக்காரர்களுக்கு இந்தத் தூரம் புதிதல்ல. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, ஸ்ரீரங்கத்தை நடுவில் விட்டு ஓடி, கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வரும் நீளமும் கிட்டத்தட்ட இதுவே. ஆனால் மேட்டூர் திறந்துவிட்ட காவிரியில் இறங்குபவரைத் தண்ணீரே கிழக்கே இழுத்துச் சென்றுவிடும். தலைமன்னாரில் இறங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ராமர் பாலத்து மணல்திட்டுகளின் இடைவெளிகளில் மன்னார் வளைகுடா நீரும் பாக் விரிகுடா நீரும் குறுக்கே பாய்வதால், நீந்துபவர் பக்கவாட்டில் தள்ளப்பட்டுக்கொண்டே இருப்பார். மணிக்கு 3 கிலோமீட்டர் நீந்துகிறவரைக் குறுக்கோட்டம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளினால், பத்து மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர் விலகிப் போய்விடுவார்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1958இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரான மிஹிர் சென், 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துசேர 25 மணி 36 நிமிடம் ஆனது. 2021இல் சியாமளா கோலி என்ற 47 வயதுப் பெண்மணி இதே பாதையைச் சுமார் 13 மணி 40 நிமிடத்தில் முடித்தார். வேகம் மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகிவிடாது. புறப்படும் நாளும் நேரமும் அன்றைய நீரோட்டமும் சேர்ந்துதான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. இரண்டு பருவமழைகளுக்கு இடையே கடல் ஓரளவு அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களைப் பலரும் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

எல்லோரையும் வியக்க வைத்தவர் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பவும் நீந்தியே போனார். மொத்தம் 51 மணி நேரம். அதே மனிதர் 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது இறந்துபோனார். நம் கடல் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயோ கோடையிலும் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான். அந்தக் குளிரில் மணிக்கணக்காகக் கிடந்தால் உடல்வெப்பம் இறங்கி, கைகால் விறைத்து, நினைவு தடுமாறும். சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994இல் பாக் நீரிணையோடு அந்தக் கால்வாயையும் கடந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டுதான். ஒரே ஆண்டில் ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, ஐந்தைக் கடந்திருந்த மிஹிர் சென்னின் சாதனையையும் அவர் தாண்டினார்.

தனிநபர் கடல் நீச்சலின் விதிகள் கறாரானவை. சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, இவ்வளவுக்கே அனுமதி. வழியில் படகையோ ஆளையோ தொட்டுத் தாங்கிக்கொண்டால் முயற்சி செல்லாது. அரைமணிக்கு ஒருமுறை, கயிற்றில் கட்டிய பாட்டிலைப் படகிலிருந்து வீசுவார்கள். நீந்துபவர் மல்லாந்து மிதந்தபடி குளுக்கோஸ் நீரையோ கஞ்சியையோ ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிட வேண்டும். கயிறு அதை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நின்று இளைப்பாறினால் அதற்குள் நீரோட்டம் ஆளை நகர்த்திவிடும். உப்புநீர் உராய்ந்து கழுத்தும் அக்குளும் புண்ணாகாமலிருக்கப் புறப்படும் முன்பே வாஸ்லீன் தடவிக்கொள்வார்கள். நாக்கு தடித்து உணவு இறங்காமல் போவதும், குமட்டலும், சொறிமீன் கொட்டுவதும் சகஜம். உணவை வயிறு ஏற்க மறுத்தால் முயற்சி பாதியில் நின்றுவிடலாம். தோள் வலியைக்கூடப் பலர் பொறுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

கரை கண்ணில் பட்டால் நீச்சல் முடிந்துவிடாது. தண்ணீரிலிருந்து தாமாகவே எழுந்து, நீர் படாத மணலில் கால் வைத்த பிறகுதான் கண்காணிப்பாளர் கடிகாரத்தை நிறுத்துவார். அதுவரை உடன் துணை வேண்டும். மிஹிர் சென்னுக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை வந்தன. இன்றும் இரு நாட்டு அனுமதி, வழி தெரிந்த படகோட்டி, மருத்துவ உதவி, கண்காணிப்பாளர் என எல்லாம் அமைந்த பிறகே ஒருவர் கடலில் இறங்குகிறார். தனிநபர் நீச்சல் என்று பெயர் இருந்தாலும், துணையில்லாத ஆளை யாரும் கடலில் விடுவதில்லை.

திருச்சியில் இதற்குப் பயில நினைப்பவர்கள் நீச்சல் குளத்தில்தான் தொடங்க வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 30 கிலோமீட்டர் என்றால் அறுநூறு நீளம். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்து வேகம் பெறுவதால், கடலுக்கு அதுவும் முழு ஈடாகாது. அடுத்த கட்டமாகத் திறந்த நீரில் பழக வேண்டும். அதற்காக அம்மா மண்டபம் படித்துறையிலோ கொள்ளிடத்திலோ வெள்ள நாளில் தனியாகக் குதித்துவிடக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்களும் சுழல்களும் மேலே தெரிவதில்லை. பயிற்சியாளரும் படகும் உடன் இல்லாத நாளில் ஆற்றில் இறங்க வேண்டாம்.