கடைக்காரர்கள் வளர்த்த விடுதிகளில் இரண்டு நாள்

சரக்குக் கொள்முதலுக்காக வெளியூர் போகும்போது நம்மில் பலர் தங்கும் விடுதியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், ஒரு கட்டில், மின்விசிறி, குளிக்கத் தண்ணீர். இவ்வளவு இருந்தால் போதும். வேலை முடிந்ததும் அன்றிரவே ரயில். சிக்கனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு நகராத நாம், ஒருமுறையாவது பயணத்தோடு இரண்டு நாள் கூட்டி, வீட்டாரையும் அழைத்துக்கொண்டு, பழம்பெருமை வாய்ந்த ஒரு விடுதியில் தங்கிப் பார்க்கலாம். அதற்கு ஏற்ற ஊர் கொல்கத்தா. போஸ்தா, படா பஜார் மொத்த மார்க்கெட்டுகளை அறிந்த வணிகர்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. அங்குள்ள பெரிய விடுதிகள் நம்மைப் போன்ற கடைக்காரர்களால் உருவானவை என்பதுதான் பலர் அறியாத செய்தி.

ரொட்டிக் கடையில் பிறந்த விடுதி

கொல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலை நிறுவிய டேவிட் வில்சன் ஒரு ரொட்டிக் கடைக்காரர். ரொட்டியும் கேக்கும் விற்றுவந்த அவர் 1840ஆம் ஆண்டு வாக்கில் விடுதி தொடங்கினார். அப்போதைய கவர்னர் ஜெனரலின் பெயரால் ஆக்லாந்து ஹோட்டல் என்று அதற்குப் பெயரிட்டார். ஊர் மக்களோ 'வில்சன் ஹோட்டல்' என்றே அழைத்தார்கள். பெயர்ப்பலகையில் எதை எழுதினாலும், முதலாளி பெயரைச் சொல்லிக் கடையை அடையாளம் காட்டுவது எந்த ஊரிலும் வழக்கம்தான்!

மேலே அறைகள், கீழே பலசரக்கும் துணிமணியும் கிடைக்கும் பெரிய கடை. 1865இல் அதைக் கம்பெனியாகப் பதிவு செய்தபோது வைத்த பெயரிலேயே ஹோட்டல், ஒயின், பொதுச் சரக்கு வழங்கல் என்று எல்லாமே இருந்தன. சென்னையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1860களில் சிறு கடையாகத் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்குத்தான் பின்னாளில் கன்னிமாரா ஹோட்டல் வந்து சேர்ந்தது. அரிசியும் மாவும் வெண்ணெயும் வாங்கத் தெரிந்தவருக்கு விருந்தினரை உபசரிக்கவும் தெரியும் என்பதற்கு இவை சாட்சி.

1970களில் கிரேட் ஈஸ்டர்ன் மாநில அரசின் நிர்வாகத்துக்குப் போனது. அந்த ஆண்டுகளில் அது பழைய பொலிவை இழந்தது. 2005இல் தனியாருக்கு விற்கப்பட்டு, பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்பட்டு, 2013இல் லலித் கிரேட் ஈஸ்டர்ன் என்று மீண்டும் திறக்கப்பட்டது. புதிய முதலாளியும் பழைய பெயரை விடவில்லை. கட்டிடத்தை இடித்துக் கட்டிவிடலாம். தலைமுறைகள் கண்ட பெயரைப் புதிதாகக் கட்ட முடியுமா?

தண்ணீரால் மூடப்பட்ட கதவு

சௌரங்கிச் சாலையில் உள்ள கிராண்ட் ஹோட்டலின் கதை நாம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது. ஈரான் நாட்டு இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியர் அராத்தூன் ஸ்டீஃபன், நகை வியாபாரத்தில் தொடங்கிக் கட்டிடங்கள் வாங்கி எழுப்பிய விடுதி அது. கொல்கத்தாவில் அதற்கு நிகரில்லை என்று பேர் வாங்கியது. 1930களில் அங்கே தங்கியவர்களில் சிலர் டைபாய்டு கண்டு இறந்தார்கள். தண்ணீரின் மீதும் சாக்கடையின் மீதும் சந்தேகம் விழுந்தது. 1937இல் விடுதி மூடப்பட்டது. பளிங்குத் தரையும் சரவிளக்கும் அதைக் காப்பாற்றவில்லை.

ஆள் அண்டாத அந்த விடுதியைத் துணிந்து குத்தகைக்கு எடுத்தவர் மோகன் சிங் ஓபராய். 1922இல் சிம்லாவில் ஒரு ஹோட்டலில் மாதம் 50 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். 1934இல் மனைவியின் நகைகளையும் அடகு வைத்து முதல் ஹோட்டலை வாங்கினார். கிராண்டை மீண்டும் திறந்து நடத்தி, 1943இல் அதையும் சொந்தமாக்கிக்கொண்டார். இழந்த நம்பிக்கையை மீட்பது முதல் போட்டுக் கடை திறப்பதைவிடக் கடினமான வேலை. எண்ணெய் டின்னைத் திறந்து வைப்பவரும், பருப்பு மூட்டையை ஈரத் தரையில் அடுக்குபவரும் இந்தக் கதையை நினைவில் கொள்வது நல்லது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பழைய விடுதி என்றாலே ஐந்து நட்சத்திரம்தான் என்று பயப்பட வேண்டாம். சதர் தெருவில் உள்ள ஃபேர்லான், 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு வீடு, அளவில் சிறியது. எங்கே தங்கினாலும், புறப்படும் முன் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். அறை பழைய கட்டிடத்திலா, புதிதாகச் சேர்த்த பகுதியிலா? பழுது வேலை ஏதும் நடக்கிறதா? காலை உணவு சேர்ந்ததா? சொன்ன வாடகை வரி உட்படவா? பெரிய விடுதியில் தங்க மனம் ஒப்பாதவர்கள், ஒரு வேளை காப்பியோ சிற்றுண்டியோ அங்கே சாப்பிட்டு, கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

வரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பில்லில் மத்திய வரியும் மேற்கு வங்க மாநில வரியும் விழும். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நாம் அதை உள்ளீட்டு வரியாக வரவு வைக்க முடியாது. குடும்பத்துக்கு ஆகும் செலவைக் கடைக் கணக்கில் எழுதாமல் இருப்பதும் நல்லது.

கிரேட் ஈஸ்டர்னிலிருந்து சற்று நடந்தால் 1868இல் முடிந்த தலைமைத் தபால் நிலையம். கிராண்டுக்குப் பின்புறம் 1874இல் திறந்த நியூ மார்க்கெட். அங்கே 1902இல் தொடங்கிய நாஹூம் ரொட்டிக் கடை இன்றும் வியாபாரம் செய்கிறது. ஒரு கேக் வாங்கிக்கொண்டு, அந்தக் கடையில் பழைய வாடிக்கையாளரை எப்படி வரவேற்கிறார்கள் என்று சிறிது நேரம் நின்று பாருங்கள். அறை வாடகை வசூலாகிவிடும்.