இலக்குத் தொலைகாட்டியைத் தேர்ந்தெடுத்தல்

நேயர்களே, துப்பாக்கி சுடும் போட்டி என்றதும், நின்றோ படுத்தோ குறிபார்க்கும் ஒருவரின் கைத்திறனே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்த மேசைச் சுடுதல் என்னும் போட்டியோ இதற்கு மாறானது. 1951ஆம் ஆண்டில் அந்நாட்டில் இதற்கென ஒரு தேசிய சங்கமே அமைந்தது. உறுதியான மேசையின் முன் அமர்ந்து, றைபிளின் முன்புறத்தையும் பின்புறத்தையும் மணற்பைகளின் மீது வைத்துச் சுடுவர். 100 அல்லது 200 யார் தொலைவிலுள்ள தாளில், ஐந்து குண்டுகளையும் கூடியவரை ஒரே இடத்திற் பாய்ச்சுவதே நோக்கம். ஒன்றுக்கொன்று மிக விலகி நிற்கும் இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளப்பர். அது எவ்வளவு சிறிதோ, அவ்வளவு சிறப்பு.

இத்தகைய போட்டிக்குத் தொலைகாட்டி இன்றியமையாதது. 36 மடங்கு உருப்பெருக்கமுள்ள கருவியில், 100 யார் தொலைவிலுள்ள தாள் ஏறத்தாழ எட்டடிக்கு அப்பால் இருப்பதுபோலத் தோன்றும். அப்படியாயின், 36இலும் 45 மேல், 45இலும் 60 மேல் என்று கொள்ளலாமா? புதிதாக வாங்குவோர் பெரும்பாலும் அவ்வாறே எண்ணுகின்றனர். ஆனால் உருப்பெருக்கம் இலக்கை மட்டும் பெருக்குவதில்லை. இடையிலுள்ள காற்றின் குழப்பத்தையும் சேர்த்தே பெருக்குகின்றது.

வெயிலேறிய பின் நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்றினால் இலக்கு நீருள் அசைவதுபோல் ஆடும். இந்தக் கானலின் ஓட்டத்தைக் கண்டு காற்றின் போக்கை அறியத் தேர்ந்தோர் உள்ளனர். எனினும், விம்பம் கலங்கும் வேளையில் அதிக உருப்பெருக்கம் பயன் தருவதில்லை. வெளிச்சமும் குறையும். பொருள்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 45 மில்லிமீற்றர் வில்லையில் 45 மடங்கு பார்த்தால், அவ்வட்டம் ஒரு மில்லிமீற்றரே. கண் சிறிது விலகினும் காட்சி இருண்டுவிடும்.

அடுத்தது எடை. இப்போட்டியின் இலகுவகைப் பிரிவில், தொலைகாட்டியுடன் சேர்த்து றைபிள் பத்தரை இறாத்தலுக்கு மேற்படலாகாது. கருவியிற் கூடும் ஒவ்வோர் அவுன்சையும் குழலிலிருந்தோ கட்டையிலிருந்தோ கழிக்க வேண்டும். உருப்பெருக்கம் மாறாத கருவியைப் பலர் விரும்புவதற்கு, அதன் எடைக் குறைவும் உள்ளே அசையும் உறுப்புகளின் குறைவும் காரணங்களாகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது குறிநிலை மாறாமை. தொலைகாட்டியின் இரு பிடிகளும் நான்கு அங்குல இடைவெளியில் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு நகர்ந்தாற்கூட, 100 யாரில் குறி ஏறத்தாழ ஒன்பது பத்திலொரு அங்குலம் தவறிவிடும். கால் அங்குலத்திற்காகப் போராடும் இடத்தில் இது பெருந்தவறு. கருவியினுள்ளே குறுக்குக் கம்பியின் நிலை பெயர்ந்தாலும் இதே கதிதான். அந்தோ, குற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை! சுடுபவர் குழலை மாற்றுவார், வெடிமருந்தை மாற்றுவார், தம் கையையே ஐயுறுவார். ஆகையால், குழு விரிந்தால் முதலில் நம்பகமான வேறொரு தொலைகாட்டியைப் பொருத்திச் சுட்டுப் பார்ப்பது நன்று.

வாங்குமுன் செய்யத்தக்க எளிய சோதனையொன்றும் உண்டு. குண்டில்லாத றைபிளை மணற்பைகளில் அசையாது வைத்து, இலக்குக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்து, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக் கம்பி இலக்கின்மேல் நகர்வதுபோலத் தோன்றினால், அது இடமாறு தோற்றம் எனப்படும். மீண்டும் திருத்தியும் அது நீங்காத கருவியை விலக்குக. குறி திருத்தும் திருகின் ஒவ்வொரு சொடுக்கும் கலையின் எட்டிலொரு பங்காக, அதாவது 100 யாரில் ஏறத்தாழ எட்டிலொரு அங்குலமாக, இருத்தல் விரும்பத்தக்கது. இயக்கிய அளவு திருப்பி இயக்கினால், குறி பழைய இடத்துக்கே வரவும் வேண்டும்.

ஆகவே, நேயர்களே, எத்தனை மடங்கு என்னும் வினாவை இறுதியிற் கேட்பதே முறை. எவ்வளவு பெரிதாகக் காட்டினும், நிலைமாறும் கருவி காட்டுவது பொய்யான இடத்தையே. தெளிவாகவும் நிலையாகவும் காட்டும் கருவி, உருப்பெருக்கத்தில் சற்றுக் குறைந்திருப்பினும், உரியவரைக் கைவிடாது.