அழுத்திய விசை எங்கே போயிற்று?

மாதக் கடைசி. கறுப்புத் திரையில் சம்பளப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது. குமாஸ்தா பழக்க தோஷத்தில் கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையையும் சேர்த்து அழுத்துகிறார். மற்ற புரோகிராம்களில் செய்த வேலையைப் பத்திரப்படுத்த அதுதான் வழி. இங்கேயோ எழுத்துக்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. எதைத் தட்டினாலும் அசைவில்லை. மேலதிகாரி வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் அந்த விண்டோவையே மூடிவிடுகிறார். பட்டியல் பாதியில் அறுந்து போகிறது.

கம்ப்யூட்டர் கெட்டுப் போயிற்றா? இல்லை. "திரையை நிறுத்து" என்று அவரே உத்தரவிட்டார், அது நிறுத்தியது. கன்ட்ரோலுடன் க்யூ விசையை அழுத்தியிருந்தால் போதும், மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும்.

பழைய காலத்து மிச்சம்

இந்த விசித்திர வழக்கம் டெலிபிரிண்டர் காலத்தது. 1963-ல் அமெரிக்காவில் வெளிவந்த டெலிடைப் மாடல் 33 இயந்திரத்தில், துளையிட்ட காகித நாடாவைப் படிக்கும் கருவியை ஓடவிட 17 என்ற குறியெண்ணும், நிறுத்த 19 என்ற குறியெண்ணும் பயன்பட்டன. கன்ட்ரோலுடன் க்யூவை அழுத்தினால் 17. எஸ்ஸை அழுத்தினால் 19. நம் நாட்டில் தந்தி சேவையே 2013 ஜூலையில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு எண்களும் லினக்ஸ், மாக் கம்ப்யூட்டர்களின் டெர்மினலில் இன்றும் அதே வேலையைப் பார்க்கின்றன.

நான்கு மேஜைகள்

டைப்ரைட்டரில் விரலுக்கும் காகிதத்துக்கும் நடுவே இருந்தது நெம்புகோல் மட்டும்தான். தட்டினால் எழுத்து விழும். டெர்மினலில் அப்படியல்ல. அழுத்திய விசை, அலுவலகத்துக்கு வந்த தபாலைப் போல நான்கு மேஜைகளைக் கடக்க வேண்டும்.

முதல் மேஜை, திரை முழுவதையும் நிர்வகிக்கும் டெஸ்க்டாப். இரண்டாவது, டெர்மினல் விண்டோ. மூன்றாவது, சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் டி.டி.ஒய். என்ற பகுதி, பெயரே டெலிடைப்பின் சுருக்கம்தான். நான்காவது, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல். இவற்றில் 1989-ல் வந்த பாஷ் பலரும் அறிந்தது.

தமக்கு வசதியாகக் குறுக்கு விசை அமைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் நான்காவது மேஜையில்தான் உத்தரவு எழுதி வைக்கிறார்கள். தபாலை முந்தைய மேஜைக்காரர் எடுத்து வைத்துக்கொண்டால் அது கடைசி மேஜைக்கு எப்படி வரும்? ஆல்ட் விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் சில விண்டோக்களில் மெனு திறந்துகொள்வது இதனால்தான். இரண்டாவது மேஜையிலேயே தபால் நின்றுவிட்டது.

கண்டுபிடிப்பது எப்படி?

பாஷில் முதலில் கன்ட்ரோலுடன் வி விசையை அழுத்தவும். அடுத்து, வேலை செய்யாத குறுக்கு விசையை அழுத்தவும். திரையில் ஏதும் விழாவிட்டால், அது முதல் இரண்டு மேஜைகளில் சிக்கியிருக்கிறது. டெஸ்க்டாப், டெர்மினல் இரண்டின் செட்டிங்கிலும் அதே விசைக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

^ என்ற தொப்பிக் குறியுடன் ஓர் எழுத்தோ, சில எழுத்துக்களோ விழுந்தால், அந்த இரண்டையும் தாண்டி வந்துவிட்டது என்று பொருள். இனி மூன்றாவது மேஜை. எஸ்.டி.டி.ஒய். என்ற நான்கு எழுத்துக்களைச் சிறிய எழுத்தில், புள்ளியின்றி டைப் செய்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஏ எழுத்தும் சேர்த்து என்டர் தட்டினால், அந்த மேஜை தனக்கென்று வைத்துக்கொண்ட விசைகளின் பட்டியல் வரும். நிறுத்த எஸ், ஓடவிட க்யூ, வேலையைக் கைவிடச் செய்ய சி, தற்காலிகமாக ஒதுக்கி வைக்க இசட் என்று எல்லாம் அதில் இருக்கும்.

எஸ் விசையால் வரும் உறைதலே வேண்டாம் என்பவர்கள், அதே எஸ்.டி.டி.ஒய். கட்டளையில் ஏ எழுத்துக்குப் பதில் ஐ, எக்ஸ், ஓ, என் என்ற நான்கு எழுத்துக்களைச் சேர்த்து எழுதினால் போதும். பிறகு அந்த விசையைச் சொந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மேஜையிலும் தடை இல்லையென்றால் குறை ஷெல்லில். பாஷுக்கான விசைக் குறிப்புகள் புள்ளியுடன் தொடங்கும் இன்புட்-ஆர்.சி. என்ற கோப்பில் இருக்கும். இசட் ஷெல் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. அதற்கு வேறு கோப்பு, வேறு கட்டளை. மாக் கம்ப்யூட்டர்களில் 2019 முதல் இசட் ஷெல்தான் வழக்கமாக வருகிறது. வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போட்டால் சேருமா?

இன்னொரு எச்சரிக்கை. டெர்மினலின் பழைய கணக்கில் கன்ட்ரோலுடன் எம் என்பதும் என்டரும் ஒன்றே. கன்ட்ரோலுடன் ஐ என்பதும் டாப் விசையும் ஒன்றே. ஒன்றின் வேலையை மாற்றினால் மற்றதும் மாறும். கன்ட்ரோல், எழுத்து இரண்டுடன் ஷிஃப்டையும் சேர்த்தால் வேறு விசையாகும் என்று நம்பவும் கூடாது. பல டெர்மினல்களில் ஷெல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பதறித் தட்டாதீர்கள்

உறைந்த திரையில் கண்டதையும் தட்டுவதில்தான் பெரிய ஆபத்து. நின்றது திரைக்கு வரும் எழுத்து மட்டுமே. தட்டிய எழுத்துக்கள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் தட்டிய என்டர், "அழிக்கலாமா?" என்ற கேள்விக்குப் பதிலாகவும் போய்ச் சேரலாம்.

எனவே திரை நின்றால் கையை எடுத்துவிட்டு, முதலில் கன்ட்ரோலுடன் க்யூ. வேலை திடீரென மறைந்து கட்டளை வரி மட்டும் தெரிந்தால், கை தவறி இசட் பட்டிருக்கலாம். எஃப், ஜி என்ற இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டினால் வேலை திரும்பி வரும். விண்டோவை மூடுவது கடைசி வழி. அந்த ஒரு நிமிடப் பொறுமை இருந்திருந்தால், சம்பளப் பட்டியல் அன்றே முடிந்திருக்கும்.