டெய்லர் டேப்பும் தொப்பைக் கொழுப்பும்

ஒல்லியான கை கால், லேசா முன்னால் தள்ளிய தொப்பை. இப்படி ஒருத்தரை நம்ம ஊர்ல யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க. பி.எம்.ஐ-யும் சொல்லாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்குக்கு எது தசை, எது கொழுப்பு என்று தெரியாது.

2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ 22.3 தான். ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2!

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கோங்க. மேய்ச்சல் நிலம் சிப்காட் ஆன ஊர். மாட்டுக்குப் பின்னால் நாள் முழுக்க நடந்தவர் வீட்டுப் பையன் இப்போ ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்கிறான். எடை பெரிசா மாறாமலே தசை குறைந்து வயிறு ஏறலாம். சர்க்கரை நோய்க்கு வழி விடுவது அந்த வயிற்றுக் கொழுப்புதான். அதை ஊரிலேயே, செலவில்லாமல் எப்படி அளப்பது?

டெக்ஸா ஸ்கேன் துல்லியமானது, ஆனா பெரிய ஆஸ்பத்திரி சமாச்சாரம். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் 'பாடி ஃபேட்' எடை மெஷின்? அது நம்ம முதல் வருஷப் பாடம். மின்தடை நீளத்துக்கு நேர்விகிதம், குறுக்குப் பரப்புக்கு எதிர்விகிதம். அப்படின்னா நீளத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் கன அளவோடு தொடர்புள்ள ஒரு எண் வரும். பாதம் வழியா மிகச் சிறிய மாறுமின்னோட்டம் போகுது. நீர் நிறைந்த தசை அதைக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். ஆக, மெஷின் அளப்பது கொழுப்பை அல்ல, நீரை. மீதி எல்லாம் கம்பெனி எழுதிய ஃபார்முலா, அது யார் உடம்பை வைத்துப் போட்டதோ! வெயிலில் வேர்த்து, தண்ணி குடிக்காமல் வந்து ஏறினால் கொழுப்பு கூடுதலாகக் காட்டும். இன்னொரு வேடிக்கை: மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்குது. நாம தேடும் தொப்பைப் பக்கம் அது சரியா எட்டிப் பார்ப்பதே இல்லை.

அதனால டேப்தான் என் ஓட்டு. 2005-ல் சென்னை டாக்டர் மோகன் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் கேட்பது நாலே விஷயம்: வயது, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இடுப்புச் சுற்றளவு. ரத்தம் எடுக்க வேண்டாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தொட்டாலே மதிப்பெண் ஏறும். மொத்தம் 60-ஐ எட்டினால் ரத்தப் பரிசோதனைக்குப் போகணும்.

அளப்பதில் ஒரு முறை இருக்கு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பா விட்ட பிறகு, துணிக்கு மேல் இல்லாமல். புடவைக் கொசுவமே சில சென்டிமீட்டர் கூட்டிடும். பெண்களைப் பெண்கள்தான் அளக்கணும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள் பையில் ஒரு டேப் இடத்தை அடைச்சிடாது.

டேப்பும் இல்லையா? உங்க உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டுங்க. இரண்டா மடிச்சு இடுப்பைச் சுற்றுங்க. முனைகள் சேரலைன்னா உங்க இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிடுச்சு. எண் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதைப் பார்த்துச் சொல்லிடுவாங்க.