மானுக்கு வைத்த தொட்டியில் மாட்டின் வாய்

ஒரகடத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகக் கிளம்பும் நேரத்தில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் நடுத்திட்டில் மாடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். டிரைவர்கள் ஹார்ன் அடித்தே ஓய்ந்துவிட்டார்கள். இதே சாலை கிழக்கே போய் முடியும் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா இருக்கிறது. சென்னை நகரத்துக்குள் இன்னும் கொஞ்சம் போனால் கிண்டி தேசியப் பூங்கா. மாடு சாலையிலும் மான் வேலிக்குள்ளும் இருக்கிறவரை ஒன்றின் தீனியில் மற்றொன்று வாய் வைப்பதில்லை. வேலி விட்டுப்போன இடங்களில் நடப்பது வேறு கதை.

மானுக்கென்று வைத்ததை மாடு தின்னாமல் காப்பது எப்படி? இந்தக் கேள்வியை வைத்து ஒரு சின்னத் தொழிலே நடத்துகிறவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணைக்காரர்கள். அங்கே ஒரே நிலத்தில் மாடும் மேயும், வேட்டைக்குக் குத்தகையும் விடப்படும். வேட்டைக்காரர்கள் மூன்று கால் வைத்த தகர டிரம்மில் மக்காச்சோளத்தை நிரப்பி, டைமர் பொருத்தி, விடியலிலும் அந்தியிலும் தானாகச் சிதறும்படி செய்கிறார்கள். அந்தச் சோளத்துக்கு வருகிற மான்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. இந்தியாவின் புள்ளிமானும் வெளிமானும் 1932-லேயே டெக்சாஸ் பண்ணைகளுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டன. கிண்டியில் சட்டத்தின் காவலில் வாழும் அதே இனம், அங்கே காசு கட்டினால் சுடக்கூடிய பண்ணை விலங்கு.

டிரம்மின் சத்தம் கேட்டால் மாடுகளும் ஓடிவரும். டிரம்மை முட்டிச் சாய்த்துவிட்டால் ஒரு வாரத் தீனி ஒரே நாளில் காலியாகிவிடும். காசு போவதோடு முடிவதில்லை. தானியத்தை அளவில்லாமல் தின்ற மாட்டின் இரைப்பையில் அமிலம் பெருகி, மாடு படுத்துவிடும். பொங்கலுக்கு மறுநாள் மீந்த சோற்றையும் பொங்கலையும் அள்ளிப் போட்டு மாட்டைப் பறிகொடுத்த வீடுகளைக் கேட்டால், இதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது. டிரம்மைச் சுற்றி சுமார் 50 அங்குல உயரத்துக்குக் கம்பித் தட்டிகளை வட்டமாக நிறுத்துகிறார்கள். மான் தாண்டிவிடும், மாட்டால் முடியாது. ஆனால் வட்டம் அகலமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் மாடு கழுத்தை நீட்டியே தின்றுவிடும். மானும் எகிறிக் குதிக்க இடமில்லாத கூண்டுக்குள் இறங்கத் தயங்கும். வெளிமான் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. துள்ளலுக்குப் பேர்போன அந்த விலங்கு, வேலி என்று வந்தால் பெரும்பாலும் அடியில் நுழைந்து போகவே பார்க்கும். அதற்குக் கீழே இடைவெளி விட வேண்டும்.

தமிழ்நாட்டில் மான் வேட்டை குற்றம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் தீவன டிரம்முக்கு இங்கே வேலையில்லை. ஆனால் கோடையில் வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பும் தொட்டி இருக்கிறது, உப்புக்கட்டி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புல் இருக்கிறது. இவற்றைத் தேடித்தான் மாடும் வருகிறது.

பங்குக்கு வருவதைவிட நோயைக் கொண்டுவருவதுதான் பெரிய ஆபத்து. 1968-ல் கால்நடைகளைத் தாக்கும் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் புகுந்து காட்டெருதுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. தடுப்பூசிகளின் பலனாக அந்த நோய் 2011-ல் உலகத்தைவிட்டே ஒழிந்தது. கோமாரியும் அடைப்பானும் ஒழியவில்லை. இந்த வழி எதிர்த்திசையிலும், மானிடமிருந்து மாட்டுக்கும், திறந்திருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1994-ல் சுடப்பட்ட ஒரு மானுக்கு மாட்டுக் காசநோய் இருந்தது. தேடிப் போனால் நோய் மான் கூட்டத்திலேயே குடிகொண்டிருந்தது. குவித்துவைத்த தீனியில் பல மான்கள் வாய் வைத்ததும் அது பரவ ஒரு காரணம் என்று தெரிந்ததும், நோய் கண்ட பகுதியில் மானுக்குத் தீனி வைப்பதற்கே தடை போட்டார்கள்.

வேதாரண்யம் அருகே கோடியக்கரையில் தொல்லை வேறு ரூபத்தில் வந்தது. வெளிமானுக்காக 1967-ல் அமைந்த சரணாலயம் அது. உள்ளே நுழையும் மாடுகளும் அங்கேயே திரியும் மட்டக்குதிரைகளும் புல்லைப் பங்குபோடுவது மட்டுமல்ல, சீமைக்கருவேலங் காய்களைத் தின்று சாணத்தோடு விதையையும் பரப்புகின்றன. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. அது முள்காடாகச் சுருங்குகிறது. தொட்டியைச் சுற்றித் தட்டி கட்டலாம், ஒரு புல்வெளியைச் சுற்றி எப்படிக் கட்டுவது?

சென்னை ஐஐடி வளாகத்திலும் மானும் மாடும் ஒரே புல்லில் மேய்ந்தன. மாடுகளைப் பிடித்து அப்புறப்படுத்தத் தொடங்கியதும், மானைக் காக்க மாட்டை வதைப்பதா என்ற சண்டை கிளம்பியது. வேறொரு வழக்கில், 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் எல்லாக் காடுகளிலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. மலைமாடு வளர்ப்பவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. சில நாள்களிலேயே தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று தடை சுருக்கப்பட்டது. இரண்டாவது உத்தரவுதான் நியாயமானது. தலைமுறை தலைமுறையாக மேய்ச்சலை நம்பியவரை ஒரே இரவில் வெளியே நிறுத்தினால், அவர் வேலியைப் பிரித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்.

மேய்ச்சல் பறிபோனால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் மாடுகள் காட்டுகின்றன. 1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் ஒரகடம்வரை சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக வந்தன. வயலும் தரிசும் மதில்களுக்குள் போயின. மாடு மட்டும் அதே வீட்டில் இருக்கிறது. காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுகிறார்கள், அது கால் போன போக்கில் போகிறது. கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-லிருந்தே இருக்கிறது. பிடித்து மாட்டுப் பவுண்டில் அடைத்து அபராதம் வாங்கலாம். சென்னை மாநகராட்சியும் அபராதத் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறது. அபராதம் கட்டி மீட்ட மாட்டை அதன் சொந்தக்காரர் மறுநாள் எங்கே மேய்ப்பார் என்பதற்கு எந்த ரசீதிலும் பதில் இல்லை.

மேய்ச்சல் நிலம் உள்ளிட்ட ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேய்க்கால் புறம்போக்கு எஞ்சியிருக்கும் கிராமங்களில் அதை அளந்து கல் நடுவது வருவாய்த் துறையின் வேலை. கம்பெனிகளின் பசுமை வளையத்தில் வெட்டிப் போடும் புல்லைக் குப்பை லாரியில் ஏற்றாமல் பக்கத்து ஊர் மாட்டுக்காரர்களுக்குக் கொடுக்க சிப்காட் ஓர் ஏற்பாடு செய்யலாம். மான் தொட்டிக்குத் தட்டி கட்டும் செலவோடு இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.